ஒரு சின்னக் குறி போனால் "நான்" "நீ" ஆகிவிடும்!
(சிக்கா மொழியின் எழுத்தும் ஒலியும்)



"சிக்கா" என்று ஒரு மொழி இருக்கிறது. பெயரைக் கேட்டதும் எனக்கு "சிக்கல்" என்ற சொல்தான் ஞாபகம் வந்தது. படிக்கப் படிக்க அது சிக்கலான மொழி இல்லை, சிக்கல் எல்லாம் அதை எழுதுவதில்தான் என்று தெரிந்தது. வாயில் ஒலி இருக்கு, ஆனா தாளில் அதுக்கு எழுத்து இல்லை என்றால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல சிக்கா மொழியைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அதைத்தான் இந்தச் சுவர்ப் பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் பொறுமையாப் படிங்க. நடுநடுவே வாயைத் திறந்து சொல்லிப் பார்க்க வேண்டியும் இருக்கும். பக்கத்துல யாராவது சிரிச்சா கண்டுக்காதீங்க!

எங்கே இருக்கிறது?

உலகப் படத்தில் இந்தோனேசியாவைப் பாருங்க. ஜாவாத் தீவுக்குக் கிழக்கே பாலி, லொம்போக், சும்பாவா என்று வரிசையாகத் தீவுகள் போகும். அதே வரிசையில் அடுத்து வரும் நீளமான தீவு ஃப்ளோரெஸ். போர்ச்சுகீசிய மொழியில் அந்தப் பெயருக்குப் "பூக்கள்" என்று அர்த்தம். கொமோடோ டிராகன் என்னும் ராட்சதப் பல்லி வாழும் இடம் இந்தத் தீவின் மேற்குப் பக்கம்.

தீவின் கிழக்குப் பாதியில் சிக்கா மாவட்டம். அதன் தலைநகர் மௌமெரே, வடக்குக் கடற்கரையில் இருக்கிறது. 1992-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி பெரிய நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கியது இந்த ஊர்ப் பக்கத்தைத்தான். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்டத்துக்குப் பெயர் கொடுத்த சிக்கா கிராமம் தெற்குக் கடற்கரையில் இருக்கிறது. மேற்கே லியோ மொழி, கிழக்கே லமாஹோலோட் மொழி, நடுவில் சிக்கா. 1995-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இதைப் பேசியவர்கள் சுமார் 1,75,000 பேர். ஊர்க்காரர்கள் தங்கள் மொழியை "சாரா சிக்கா" என்பார்கள்.

எழுத்து எங்கிருந்து வந்தது?

சிக்கா மொழியை இன்று லத்தீன் எழுத்தில் எழுதுகிறார்கள். அதாவது ஆங்கிலத்துக்கும் இந்தோனேசிய மொழிக்கும் உள்ள அதே 26 எழுத்து. இது கடல் வழியா வந்த எழுத்து. 16-ஆம் நூற்றாண்டிலிருந்து போர்ச்சுகீசியர்கள் சந்தனமரம் தேடி இந்தப் பக்கத் தீவுகளுக்கு வந்தார்கள். அவர்களோடு கிறிஸ்தவ மதமும் வந்தது. சிக்காவை ஆண்ட ராஜாக்களே "தா சில்வா" என்ற குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார்கள்!

(நம்ம ஊருக்கும் அவங்க வந்தாங்க இல்லையா? மேசை, சன்னல், சாவி எல்லாம் போர்ச்சுகீசியச் சொல்தான். இந்தோனேசியாவில் "மேஜா", "ஜெண்டேலா" என்பார்கள். ஒரே கப்பல்காரங்க ரெண்டு ஊர்லயும் இறக்கிட்டுப் போன சரக்கு!)

பிறகு வந்த பாதிரியார்கள் மக்கள் மொழியைக் கற்று எழுதத் தொடங்கினார்கள். 1931-இல் பால் ஆர்ன்ட் என்ற ஜெர்மானியப் பாதிரியார் சிக்கா மொழிக்கு ஓர் இலக்கண நூல் எழுதினார். 1998-இல் மண்டலாங்கி பரேரா என்பவரும், டக்லஸ் லூயிஸ் என்ற மானுடவியல் ஆய்வாளரும் சேர்ந்து சிக்கா – இந்தோனேசிய அகராதி ஒன்றை வெளியிட்டார்கள்.

இதற்கிடையில் இந்தோனேசியாவின் எழுத்து முறையும் மாறிக்கொண்டே வந்தது. டச்சுக்காரர் ஆட்சியில் "உ" ஒலியை எழுத ஓ, ஈ என்ற இரண்டு ஆங்கில எழுத்தைச் சேர்த்துப் போட்டார்கள். 1947-இல் அதை மாற்றி யூ என்ற ஒரே எழுத்து ஆக்கினார்கள். 1972-இல் இன்னொரு சீர்திருத்தம் வந்தது. "ச" ஒலிக்கு அதுவரை டி, ஜே என்று இரண்டு எழுத்து. அன்று முதல் சி என்ற ஒரே எழுத்து. நாட்டின் முதல் அதிபர் சுகர்னோ தன் கையெழுத்தைக் கடைசி வரை பழைய முறையில்தான் போட்டார். 1934 முதல் 1938 வரை அவரை டச்சுக்காரர்கள் நாடு கடத்தி வைத்திருந்ததும் இதே ஃப்ளோரெஸ் தீவில், எண்டே என்ற ஊரில்தான்.

ஆக, எழுத்து இரவல். அதை எழுதும் முறையும் தலைநகரில் முடிவாகும். ஆனா ஒலி மட்டும் சொந்தம். இங்கேதான் விஷயம் ஆரம்பிக்கிறது.

அண்ணன் தம்பி மொழிகள்

சிக்காவும் இந்தோனேசிய மொழியும் ஒரே குடும்பம். ஆஸ்திரோனேசியக் குடும்பம் என்று பெயர். மேற்கே மடகாஸ்கர், கிழக்கே ஈஸ்டர் தீவு வரை பரவிய பெரிய குடும்பம் இது. சுமார் 1,200 மொழிகள் இதில் உண்டு.

ஒரே குடும்பம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒலிகள் மாறும்போது இஷ்டத்துக்கு மாறாது, ஒரு ஒழுங்கில் மாறும். கீழே பாருங்க. (தமிழில் ப என்ற ஒரே எழுத்தில் இரண்டு ஒலி இருக்கு. "பாட்டு" என்பதில் ஒன்று, "தம்பி" என்பதில் ஒன்று. இந்தப் பட்டியலின் இந்தோனேசியச் சொற்களில் சொல்லின் முதலில் வரும் ப எல்லாம் தம்பி ப! "பாபி"யில் இரண்டுமே தம்பி ப.)

நிலா: இந்தோனேசியத்தில் பூலான் – சிக்காவில் வூலான்
கல்: இந்தோனேசியத்தில் பாத்து – சிக்காவில் வாத்து
பன்றி: இந்தோனேசியத்தில் பாபி – சிக்காவில் வாவி

ப வந்த இடத்தில் எல்லாம் வ! (வாத்து என்றதும் குளத்தில் நீந்துகிற வாத்தை நினைக்காதீங்க, இது கல்லு.)

இன்னொன்று. பழைய தாய்மொழியில் ஸ இருந்த இடத்தில் சிக்காவில் ஹ வரும். ஒன்பதுக்குப் பழைய சொல் "ஸீவா". சிக்காவில் "ஹீவா". நாய்க்கு ஜாவா மொழியில் "ஆஸு". சிக்காவில் "ஆஹு".

சிக்காவில் ஒன்று முதல் பத்து வரை எண்ணத் தெரிந்துகொள்ளுங்க: ஹா, ருவா, தெலு, ஹுத்து, லீமா, எனா, பீத்து, வாலு, ஹீவா, புலு. பசிபிக் கடல் நடுவில் இருக்கும் ஹவாய்த் தீவுக்குப் போனாலும் ஐந்துக்கு "லீமா", எட்டுக்கு "வாலு"தான்!

தொண்டையில் ஒரு முட்டு

இனி முக்கியமான இடம். இந்தோனேசிய மொழியில் "நான்" என்பதற்கு "ஆகு" என்று ஒரு சொல் உண்டு (க-வை "பக்கம்" என்பதில் வருவது போல அழுத்திச் சொல்லுங்க). "நீ" என்பதற்கு "கௌ". சிக்காவில் இந்தக் க என்ன ஆச்சு தெரியுமா? காணாமலும் போகவில்லை, வேறு எழுத்தாகவும் மாறவில்லை. தொண்டைக்குள்ளே இறங்கிவிட்டது!

குழந்தை சூடான பாத்திரத்தைத் தொடப் போகும்போது அம்மா "அ அ!" என்று அதட்டுவாங்களே, அந்த இரண்டு அ-வுக்கும் நடுவில் என்ன நடக்கிறது? தொண்டை ஒரு நொடி சட்டென்று மூடித் திறக்கிறது. இருமல் வருவதற்கு முன்னாடி தொண்டை அடைக்குமே, அதே இடம். சத்தமே இல்லாத ஒரு மெய்யெழுத்து என்று வைத்துக்கொள்ளுங்க. நமக்கு இது அதட்டலில் மட்டும் வரும். சிக்காவில் க, த, ப மாதிரி இதுவும் முழு உரிமை உள்ள ஒரு மெய்.

லத்தீன் வரிசையில் இதற்கு எழுத்து இல்லை. அதனால் ஆங்கிலத்தில் எழுத்துக்கு மேலே போடும் ஒற்றைக் குறியைப் போடுகிறார்கள். தமிழில் எழுதிக் காட்டினால் இப்படி:

அ'உ – நான்
'அஉ – நீ

பார்த்தீர்களா? உயிரெழுத்து இரண்டும் அதே அ, அதே உ. குறி நடுவில் இருந்தால் நான். முன்னால் இருந்தால் நீ. குறியை எடுத்துவிட்டால்? இரண்டும் "அஉ". நானும் நீயும் ஒன்றாகிவிடும்!

ஒரு கடிதத்தில் "நான் கடன் தரணும்" என்று எழுதியதை "நீ கடன் தரணும்" என்று படித்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்க. பேசும்போது இந்தக் குழப்பம் வராது. தொண்டை தானாகச் செய்துவிடும். எழுதும்போதுதான் ஆபத்து.

இந்த ஒலி வேறு முக்கியமான சொற்களிலும் வருகிறது. மரியாதையாக ஓர் ஆணை அழைக்கும் சொல் "மோ'ஆங்", பெண்ணை அழைக்கும் சொல் "டு'ஆ". விருந்தாளிக்குக் கொடுக்கும் வெற்றிலை பாக்கு "வுவா தா'ஆ". மாவட்டத்தின் கிழக்கே உள்ள காட்டுப் பகுதியின் பெயர் "தானா 'ஆய்". "தானா" என்றால் நிலம், "'ஆய்" என்றால் மரம். இந்தோனேசியத்தில் மரத்துக்கு "காயு". இங்கேயும் க போன இடத்தில் தொண்டை முட்டு!

ஆனா வரைபடத்தில், பெயர்ப் பலகையில், அவசரத்தில் முதலில் விட்டுப்போவது இந்தக் குறிதான். "தானா ஆய்" என்று குறி இல்லாமலேயே பல இடங்களில் அச்சாகியிருக்கிறது. இந்தோனேசிய எழுத்து வரிசையில் இப்படி ஓர் எழுத்து கிடையாது. பள்ளிக்கூடத்தில் 26 எழுத்து மட்டும் படித்த கைக்கு இது எழுத்தாகவே தெரியாது, ஏதோ கொசுவைப் போலத் தெரியும்.

நமக்கும் இது புதுசு இல்லை. பனை ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று நம் முன்னோர் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். அதனால் ஓலையைப் படிப்பவர் "கல" என்று எழுதியிருப்பது "கல்" என்பதா, "கல" என்பதா என்று இடம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. புள்ளி சின்னதுதான், ஆனா அது தாங்குற பொருள் பெருசு.

மூன்று "வ"

அடுத்தது இந்த மொழியிலேயே பெரிய ஆச்சரியம்.

தமிழில் வ எப்படிப் பிறக்கிறது? தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்றே ஒரு பகுதி இருக்கு. பல்லும் இதழும் சேர வ பிறக்கும் என்பது அங்கே சொல்லப்பட்ட விஷயம். சொல்லிப் பாருங்க: "வண்டி". மேல் பல் கீழ் உதட்டைத் தொடுகிறதா? சிலருக்கு இரண்டு உதடும் நெருங்கியே வ வந்துவிடும். எப்படிச் சொன்னாலும் வண்டி வண்டிதான். தமிழுக்கு அந்த வித்தியாசம் தேவையில்லை.

சிக்காவுக்குத் தேவை! அங்கே மூன்று ஒலி இருக்கிறது.

1. இரண்டு உதடும் நெருங்கி, நடுவில் காற்று உரசி வரும் வ.
2. மேல் பல் கீழ் உதட்டில் பட்டு, காற்று உரசி வரும் வ.
3. சுண்டு வ! இதுதான் விசேஷம். கீழ் உதட்டை மேல் பல்லுக்குப் பின்னால், வாய்க்குள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். பிறகு கேரம் காயைச் சுண்டுற மாதிரி உதட்டை வெளியே சுண்டி விடணும். வரும்போது உதடு மேல் பல்லில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வரும்.

ஆய்வாளர்கள் காட்டும் உதாரணம் "வோத்தெர்" என்ற சொல். முதல் வ போட்டுச் சொன்னால் "நான் வாங்குகிறேன்". இரண்டாவது வ போட்டுச் சொன்னால் "நாம் வாங்குகிறோம்". சுண்டு வ போட்டுச் சொன்னால் "நான் கம்பம் நடுகிறேன்"! (இந்த "நாம்" கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் "நாம்". தமிழில் "நாம்", "நாங்கள்" என்று பிரிப்பது போலவே சிக்காவிலும் "இத்தா", "ஆமி" என்று இரண்டு சொல் உண்டு.)

சந்தையில் நின்று சொல்கிற சொல்லில் உதடு கொஞ்சம் மாறினால், வாங்குறவர் கம்பம் நடுறவர் ஆயிடுவார்! நிறுத்தி, தெளிவாகச் சொல்லும்போதுதான் சுண்டு வ நன்றாகக் கேட்கும் என்றும், வேகமான பேச்சில் அது சாதாரண வ மாதிரி ஆகிவிடும் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

இதில் நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனா ஒரு வெளிநாட்டுக்காரர் காதில் நம்ம "பல்லி"யும் "பள்ளி"யும் ஒன்றாகத்தான் விழும். "நான் பள்ளிக்குப் போகிறேன்" என்றால் பல்லியைத் தேடிப் போகிறோம் என்று நினைப்பார். எந்த வித்தியாசம் முக்கியம் என்று ஒவ்வொரு மொழியும் தனக்குத் தானே முடிவு செய்துகொள்கிறது. அதில் உயர்வு தாழ்வு கிடையாது.

உலக எழுத்திலேயே இல்லாத எழுத்து

உலகத்தில் உள்ள எல்லா மொழிகளின் ஒலியையும் எழுத ஓர் எழுத்து வரிசை இருக்கிறது. பன்னாட்டு ஒலியெழுத்து என்று பெயர். அதை நடத்தும் சங்கம் 1886-இல் பாரிஸ் நகரில் தொடங்கியது. அகராதிகளில் சொல்லுக்குப் பக்கத்தில் விநோதமான எழுத்தில் உச்சரிப்பு போட்டிருப்பார்களே, அதுதான்.

அந்த வரிசையிலேகூட சுண்டு வ-வுக்கு எழுத்து இல்லாமல் இருந்தது! இந்த ஒலி அதிகமாக இருப்பது ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள மொழிகளில். காங்கோ நாட்டில் பேசப்படும் மோனோ மொழி ஓர் உதாரணம். ஆப்பிரிக்காவுக்கு வெளியே இந்த ஒலி இருக்கும் மிகச் சில மொழிகளில் ஒன்று நம்ம சிக்கா. ஆய்வாளர்கள் இதை எழுத ஆளுக்கொரு குறி போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 2005-இல்தான் சங்கம் தனி எழுத்தை ஏற்றுக்கொண்டது. ஆங்கில வி எழுத்தின் வலது கையின் நுனியில் ஒரு கொக்கி வளைந்தால் எப்படி இருக்கும், அதுதான் வடிவம். கணினியில் எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் 2008-இல் இது இடம் பிடித்தது.

எத்தனையோ தலைமுறையாகப் பாட்டிகளும் பேரப் பிள்ளைகளும் சர்வ சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒலி. படித்தவர்கள் தாளில் அதற்கு இடம் கிடைக்க 2005 வரை ஆனது!

இது ஏன் முக்கியம்?

"எழுத்து இல்லாட்டி என்ன, பேசினாப் போதாதா?" என்று என் நண்பன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. என் பதில் இது.

இந்தோனேசியாவில் 700-க்கும் மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன. 1928-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் தேதி இளைஞர்கள் எடுத்த உறுதிமொழியில் இந்தோனேசிய மொழியை எல்லோருக்கும் பொது மொழியாக ஏற்றார்கள். அது நாட்டை இணைத்தது, நல்லதுதான். வட்டார மொழிகளை மதித்துக் காப்பது அரசின் கடமை என்று 2002-இல் அரசியல் சட்டத்திலும் சேர்த்தார்கள். ஆனா சட்டம் தொண்டைக்குள்ளே வந்து ஒலியைக் காப்பாத்த முடியாது.

பள்ளியிலும் அலுவலகத்திலும் பொது மொழி. புத்தகம், செய்தி எல்லாம் பொது மொழி. அப்படி வளரும் பிள்ளை சொந்த மொழியை எழுதும்போதும் பொது மொழியின் எழுத்துப் பழக்கத்தையே கொண்டுவரும். தொண்டை முட்டுக்குக் குறி போடாது. மூன்று வ-வுக்கும் வி, டபிள்யூ என்ற இரண்டு எழுத்துக்குள்ளேயே அடங்கிவிடும். மூத்தவர்கள் அதைப் படித்தால் சரியாகவே சொல்லுவாங்க, ஏன்னா ஒலி அவங்களுக்குள்ள இருக்கு. ஆனா மொழியை எழுத்து வழியாகக் கற்கும் பேரப் பிள்ளை எழுதியிருப்பதை மட்டும்தான் சொல்லும். தாளில் விட்டுப்போன குறி, ஒரு தலைமுறை கழித்து வாயிலும் விட்டுப்போகும். மொழி ஒரே நாளில் போவதில்லை. இப்படி ஒவ்வொரு ஒலியாகத்தான் போகிறது.

சிக்கா மக்களின் பழைய வழிபாட்டில் கடவுளை "ஈனா நியான் தானா வாவா, ஆமா லேரோ வூலான் ரேத்தா" என்று அழைப்பார்கள். "ஈனா" அம்மா, "ஆமா" அப்பா, "நியான் தானா" பூமி, "லேரோ" சூரியன், "வூலான்" நிலா, "வாவா" கீழே, "ரேத்தா" மேலே. கீழே பூமித்தாய், மேலே சூரிய சந்திரத் தந்தை. இப்படிப்பட்ட சொற்கள் காலம் காலமாக ஏட்டில் இல்லாமல் வாயிலேயே இருந்தவை. வாய்தான் அவங்க நூலகம்.

நமக்கு ஒரு வேலை

நம்ம தமிழுக்கு இரண்டாயிரம் ஆண்டு எழுத்து இருக்கு, 247 எழுத்து இருக்கு, நமக்கு இந்தப் பிரச்சினையே இல்லை என்று நினைக்காதீங்க. "மரம்" என்று எழுதுகிறோம். வீட்டில் பேசும்போது கடைசி ம் உதட்டைத் தொடுகிறதா? தொடாது. சத்தம் மூக்கு வழியா லேசாப் போய்விடும். "அவன் வந்தான்" என்பதிலும் கடைசி ன் அப்படித்தான். அந்த மூக்கொலி உயிருக்கு நம்ம நெடுங்கணக்கில் எழுத்து கிடையாது. நாம தினமும் சொல்றோம், யாரும் எழுதுறதில்லை.

அதனால் இந்தத் தாளுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டியிருக்கிறேன். உங்க வீட்டில், உங்க ஊரில், உங்க பாட்டி வாயில் வருகிற, ஆனா எழுத்தில் சரியாக எழுத முடியாத சொல் ஏதாவது இருந்தா அதில் எழுதுங்க. எப்படி எழுதுறதுன்னு தெரியலையா? அதுதான் வேணும்! உங்களுக்குத் தோன்றிய குறியைப் போடுங்க. அடுத்த இதழில் எல்லாவற்றையும் தொகுத்துப் போடலாம். வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது, சௌராஷ்டிரம் பேசுறவங்க கட்டாயம் எழுதணும், உங்ககிட்டதான் நிறைய இருக்கும்.

கடைசியாக ஒரு சிக்காச் சொல். மௌமெரே பக்கம் நன்றி சொல்ல "எப்பாங் கவாங்" என்பார்கள் (இந்தக் க, "தங்கம்" என்பதில் வரும் க). இதையே "எப்பான் கவான்" என்றும் எழுதுகிறார்கள். கடைசியில் ங்-ஆ, ன்-ஆ என்று எழுத்தில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நீங்க எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்க.

பொறுமையாகப் படித்த எல்லோருக்கும், எப்பாங் கவாங்!

– 11-ஆம் வகுப்பு, 'அ' பிரிவு